பழைய ஊர்திகளில் கூலன்ட் வகை மாற்றம்

கூலன்ட் வகை மாற்றம் என்பது, நீர்மத்தால் குளிர்விக்கப்படும் பொறியைக் கொண்ட ஊர்தி ஒன்றிலிருந்து ஒரு வேதியியல் வகையைச் சேர்ந்த குளிர்விப்பு நீர்மத்தை முழுவதுமாக நீக்கி, வேறொரு வகையைச் சேர்ந்த நீர்மத்தை நிரப்புவது ஆகும். குளிர்விப்பு நீர்மம் தமிழ்நாட்டுப் பணிமனைகளில் கூலன்ட் என்றே வழங்கப்படுகிறது. புதிய ஊர்திகளில் தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகையைத் தொடர்ந்து பயன்படுத்தினாலே போதுமானது. ஆனால் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் உருவாக்கப்பட்ட ஊர்திகளுக்குக் குறிப்பிடப்பட்ட வகை இன்று கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்கும் புதிய வகைகளோ அவ்வூர்திகளில் உள்ள உலோகங்களையும் அடைப்புப் பொருட்களையும் கருத்தில் கொண்டு உருவாக்கப்பட்டவை அல்ல. எனவே வகை மாற்றம் என்பது எண்ணெய் மாற்றுவதைப் போன்ற எளிய பராமரிப்பு வேலையாக இல்லாமல், சரியான முடிவெடுக்க வேண்டிய ஒன்றாக உள்ளது. தவறான வகையோ, பாதி மட்டும் செய்யப்பட்ட மாற்றமோ ரேடியேட்டர் கசிவு, குழாய்களில் அடைப்பு, பொறி அளவுக்கு மீறிச் சூடாதல், சிலிண்டர் தலை வளைதல் ஆகியவற்றில் முடியக்கூடும்.

கூலன்ட்டின் பணிகள்

பெட்ரோல், டீசல் பொறிகளில் எரிபொருள் எரிவதால் உண்டாகும் வெப்பத்தின் ஒரு பகுதி மட்டுமே இயக்க ஆற்றலாக மாறுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையுடன் வெளியேறுகிறது. மற்றொரு பகுதியைச் சிலிண்டர்களைச் சுற்றி ஓடும் நீர்மம் எடுத்துச் சென்று ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. இந்நீர்மத்திற்கு நான்கு பணிகள் உள்ளன.

1. வெப்பத்தைக் கடத்துதல்
2. குளிர் நாடுகளில் உறையாமல் இருத்தல்
3. கொதிநிலையை உயர்த்துதல்
4. உலோகங்களை அரிமானத்திலிருந்து காத்தல்

வெப்பத்தைக் கடத்துவதில் வெறும் நீரே சிறந்தது. நீரின் வெப்பக் கொள்ளளவு ஒரு °செ-க்குக் கிலோகிராமுக்கு 4.18 கிலோசூல் ஆகும். எத்திலீன் கிளைக்காலும் நீரும் சம அளவில் சேர்ந்த கலவைக்கு இது ஏறத்தாழ 3.5 கிலோசூல் மட்டுமே. எனினும் நீர் 0 °செ வெப்பநிலையில் உறைந்து விரிவடையும். 100 °செ வெப்பநிலையில் கொதிக்கும். இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். சம அளவுக் கலவை ஏறத்தாழ −37 °செ வரை உறையாது. ஒரு வளிமண்டல அளவுக்குக் கூடுதல் அழுத்தம் தாங்கும் மூடி பொருத்தப்பட்ட அமைப்பில் அது ஏறத்தாழ 129 °செ வரை கொதிக்காது. அதே மூடியுடன் வெறும் நீர் ஏறத்தாழ 120 °செ வெப்பநிலையில் கொதித்துவிடும்.

கிளைக்கால் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது எனக் கருதுவது தவறு. தூய எத்திலீன் கிளைக்கால் −13 °செ அளவிலேயே உறையத் தொடங்குகிறது. கலவையில் அதன் பங்கு கூடக்கூட வெப்பம் கடத்தும் திறனும் குறைகிறது.

தமிழ்நாட்டின் சமவெளிகளில் உறைதலைப் பற்றிய கவலை இல்லை. உதகமண்டலம் போன்ற மலைப்பகுதிகளில் மட்டும் குளிர்காலத்தில் உறைபனி விழுவதுண்டு. எனவே இங்கு கூலன்ட்டின் முதன்மையான பயன் அரிமானத் தடுப்பே ஆகும். கூலன்ட் வகைகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவதும் இந்தப் பணியில்தான்.

வரலாறு

எத்திலீன் கிளைக்காலைப் பிரெஞ்சு வேதியியலாளர் சார்லஸ் அடோல்ஃப் வுர்ட்ஸ் 1850களில் முதன்முதலில் உருவாக்கினார். தொடக்ககாலத் தானுந்துகளில் குளிர்காலத்தில் நீருடன் மெத்தனால் முதலிய ஆல்ககால்கள் சேர்க்கப்பட்டன. இவை எளிதில் ஆவியாகிவிட்டதால் அடிக்கடி நிரப்ப வேண்டியிருந்தது. 1920களின் பிற்பகுதியில் எத்திலீன் கிளைக்காலை அடிப்படையாகக் கொண்ட உறைதடுப்பிகள் வணிக முறையில் விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவில் பிரெஸ்டோன், செருமனியில் கிளைசான்டின் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

அக்காலப் பொறிகள் வார்ப்பிரும்பாலும் ரேடியேட்டர்கள் செப்பு, பித்தளை ஆகியவற்றாலும் ஆனவை. ரேடியேட்டரின் இணைப்புகள் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசால் ஒட்டப்பட்டன. பின்னர் சிலிண்டர் தலைகள் அலுமினியத்தால் செய்யப்பட்டன. 1980களிலிருந்து அலுமினியக் குழாய்களும் நெகிழித் தொட்டிகளும் கொண்ட ரேடியேட்டர்கள் பரவலாயின. உலோகங்கள் மாறியதற்கேற்பக் கூலன்ட்டின் வேதியியலும் மாறியது. பழைய ஊர்திகளில் எழும் சிக்கல்களின் வேர் இதுவே. ஊர்தி ஒரு காலத்தைச் சேர்ந்தது; இன்று கடையில் உள்ள கூலன்ட் வேறொரு காலத்தைச் சேர்ந்தது.

வகைகள்

கடைகளில் விற்கப்படும் செறிவான கூலன்ட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கிளைக்காலே உள்ளது. எஞ்சிய சிறு பங்கில் உள்ள அரிமானத் தடுப்பான்களே அதன் வகையைத் தீர்மானிக்கின்றன.

கனிம உப்பு வகை

இது மிகப் பழைய வகையாகும். ஐஏடி என்ற சுருக்கப் பெயராலும் அறியப்படுகிறது. சிலிக்கேட், பாஸ்பேட், போரேட், நைட்ரைட், நைட்ரேட் போன்ற உப்புகள் இதில் தடுப்பான்களாக உள்ளன. இவற்றுள் சிலிக்கேட் அலுமினியத்தின் மேற்பரப்பில் விரைவாக ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உருவாக்குகிறது. செப்பு, பித்தளை ஆகியவற்றைக் காக்க டோலைல்டிரையசோல் போன்ற அசோல் சேர்மங்கள் சேர்க்கப்படுகின்றன. படலம் மேற்பரப்பு முழுவதும் படிவதால் தடுப்பான்கள் விரைவில் செலவாகிவிடும். எனவே இவ்வகையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அல்லது ஏறத்தாழ 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது பொதுவான நடைமுறை.

கரிம அமில வகை

ஓஏடி என அறியப்படும் இவ்வகை 1990களில் பரவலானது. செனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1996ஆம் ஆண்டு மாதிரி ஊர்திகளிலிருந்து பயன்படுத்திய டெக்ஸ்கூல் இதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். 2-எத்தில்எக்சனோயிக் அமிலம், செபாசிக் அமிலம் போன்ற கரிம அமிலங்களின் உப்புகள் இதில் தடுப்பான்களாக உள்ளன. செபாசிக் அமிலம் ஆமணக்கு எண்ணெயிலிருந்து பெறப்படுகிறது. இந்த அமிலங்கள் மேற்பரப்பு முழுவதையும் மூடுவதில்லை. அரிமானம் தொடங்கும் இடங்களில் மட்டுமே படிகின்றன. ஆகவே அவை மிக மெதுவாகச் செலவாகின்றன. 5 ஆண்டுகள் அல்லது 1,50,000 மைல் வரை இவ்வகை நீடிக்கும் எனத் தயாரிப்பாளர்கள் குறிப்பிட்டனர். ஆனால் இதன் காப்பு உருவாக அதிக நேரம் பிடிக்கும்.

கலப்பு வகை

கரிம அமிலங்களுடன் சிறிதளவு கனிம உப்பும் சேர்க்கப்பட்ட வகை இது, எச்ஓஏடி எனப்படுகிறது. இதில் இரு கிளைகள் உள்ளன. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் சிலிக்கேட்டைச் சேர்த்துப் பாஸ்பேட்டைத் தவிர்த்தனர். ஐரோப்பாவின் பல பகுதிகளில் குழாய் நீர் கடினத்தன்மை உடையது. அந்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பாஸ்பேட்டுடன் சேர்ந்து கல்லாகப் படியும் என்பதே காரணம். மாறாக, சப்பானியத் தயாரிப்பாளர்கள் சிலிக்கேட்டைத் தவிர்த்துப் பாஸ்பேட்டைச் சேர்த்தனர். சிலிக்கேட் துகள்கள் நீர் பம்பின் அடைப்பு வளையங்களைத் தேய்க்கும் என அவர்கள் கருதினர். எனவே ஒரே பெயரில் வழங்கும் இரு கலப்பு வகைக் கூலன்ட்டுகள் ஒன்றுக்கொன்று மாற்றாக அமையும் எனக் கொள்ள முடியாது.

நிறமும் வகையும்

கூலன்ட்டின் நிறம் அதன் வகையைக் காட்டும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கிளைக்காலும் தடுப்பான்களும் இயல்பில் நிறமற்றவை அல்லது மங்கலான நிறமுடையவை. கசிவை எளிதில் கண்டுகொள்ளவும், குடிநீருடன் குழப்பிக் கொள்ளாமல் இருக்கவுமே சாயம் சேர்க்கப்படுகிறது. எந்த வகைக்கு எந்த நிறம் என்பதற்கு எல்லாரும் பின்பற்றும் விதி எதுவும் இல்லை.

ஒரு காலத்தில் பச்சை என்றால் கனிம உப்பு வகை என்றும், ஆரஞ்சு அல்லது சிவப்பு என்றால் கரிம அமில வகை என்றும் ஓரளவு கொள்ள முடிந்தது. இன்று அது பொருந்தாது. சப்பானியக் கலப்பு வகைகள் சிவப்பு, இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களில் தயாரிப்பாளருக்கு ஏற்ப விற்கப்படுகின்றன. கரிம அமில வகைக் கூலன்ட்டும் பச்சை நிறத்தில் கிடைக்கிறது. எனவே கொள்கலனில் அச்சிடப்பட்டுள்ள தடுப்பான் வகை, அது நிறைவு செய்யும் தரம் ஆகியவற்றைப் படித்தே வாங்க வேண்டும். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி3306, பிரித்தானியாவின் பிஎஸ் 6580, சப்பானின் ஜேஐஎஸ் கே 2234, இந்தியாவின் ஐஎஸ் 5759 ஆகியவை கொள்கலன்களில் பெரும்பாலும் காணப்படும் தர எண்களாகும்.

பழைய ஊர்திகளின் தனித்தன்மை

பற்றாசு

பழைய செப்பு-பித்தளை ரேடியேட்டர்களில் குழாய்களும் தொட்டிகளும் ஈயம் மிகுந்த பற்றாசால் இணைக்கப்பட்டுள்ளன. கனிம உப்பு வகையின் காப்புப் படலம் பற்றாசையும் மூடிக் காக்கிறது. கரிம அமில வகையில் பற்றாசுக்குக் கிடைக்கும் காப்பு குறைவாகும். சில கலவைகளில் உள்ள 2-எத்தில்எக்சனோயிக் அமிலம் ஈயத்தைத் தாக்கவும் கூடும். இதனால் இணைப்புகள் அரிக்கப்பட்டு மெல்லிய கசிவுகள் தோன்றுகின்றன. அரிக்கப்பட்ட ஈயம் வெண்ணிறச் சேர்மங்களாக மாறி ரேடியேட்டரின் குறுகிய குழாய்களை அடைப்பதும் உண்டு.

தரச் சோதனையில் வெற்றி பெற்ற கூலன்ட் எவ்வாறு பழைய ரேடியேட்டரில் தோல்வியுறுகிறது என்ற கேள்வி எழலாம். ஏஎஸ்டிஎம் டி1384 எனும் சோதனையில் செப்பு, பற்றாசு, பித்தளை, எஃகு, வார்ப்பிரும்பு, அலுமினியம் ஆகிய ஆறு உலோகத் துண்டுகள் 88 °செ வெப்பநிலையில் உள்ள நீர்மத்தில் 336 மணி நேரம் வைக்கப்படுகின்றன. இத்துண்டுகள் புதியவை, தூய்மை செய்யப்பட்டவை. பல பத்தாண்டுகள் உழைத்து, பலமுறை பற்றாசு வைத்துப் பழுது பார்க்கப்பட்ட ரேடியேட்டரின் நிலையை அவை முழுமையாகப் பிரதிபலிப்பதில்லை.

கேஸ்கெட்டுகளும் ரப்பர் பகுதிகளும்

2-எத்தில்எக்சனோயிக் அமிலம் சில வகைச் சிலிக்கோன் அடைப்புகளையும் நைலான் பகுதிகளையும் மென்மையாக்கக்கூடும். வட அமெரிக்காவில் செனரல் மோட்டார்ஸ் ஊர்திகள் சிலவற்றில் உள்ளிழு குழாய்க் கேஸ்கெட்டுகள் கசிந்ததும், நீர்மட்டம் குறைந்த அமைப்புகளில் துரு நிறச் சேறு படிந்ததும் பெரும் வழக்குகளுக்கு வழிவகுத்தன. 2007-2008 காலப்பகுதியில் இவ்வழக்குகள் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தன. சேறு படிந்ததற்குக் கூலன்ட் மட்டுமே காரணமா, அமைப்பினுள் காற்றுப் புகுந்ததும் காரணமா என்பது குறித்து இரு தரப்புக் கருத்துகள் உள்ளன. எவ்வாறாயினும், நீர்மட்டம் குறையாமல் பார்த்துக் கொள்வது கரிம அமில வகையில் மிகவும் இன்றியமையாதது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

பிரித்தானியாவில் பழைய ஊர்திச் சங்கங்களின் கூட்டமைப்பு, கரிம அமில வகையைப் பழம்பெரும் ஊர்திகளில் பயன்படுத்துவது குறித்துத் தன் உறுப்பினர்களை எச்சரித்துள்ளது. அவ்வூர்திகளுக்குக் கனிம உப்பு வகையே பொருத்தமானது என்பது பொதுவான பரிந்துரையாகும்.

தெற்காசிய எடுத்துக்காட்டுகள்

1950களின் இறுதியிலிருந்து 2014 வரை தயாரிக்கப்பட்ட இந்துஸ்தான் அம்பாசடரின் தொடக்ககால மாதிரிகளில் பிஎம்சி பி-வரிசைப் பொறி பொருத்தப்பட்டிருந்தது. இதன் சிலிண்டர் கட்டையும் தலையும் வார்ப்பிரும்பால் ஆனவை. யாழ்ப்பாணத்தில் இன்றும் காணப்படும் ஆஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் ஆகியவையும் இத்தகையனவே. வார்ப்பிரும்பும் செப்பு-பித்தளை ரேடியேட்டரும் கொண்ட இவற்றுக்குக் கனிம உப்பு வகை பொருந்தும்.

மாருதி 800இன் பொறியில் கட்டை வார்ப்பிரும்பாலும் தலை அலுமினியத்தாலும் ஆனவை. இரு வேறு உலோகங்கள் ஒரே நீர்மத்தில் இருக்கும்போது மின்கலத்தில் நடைபெறுவதைப் போன்ற வேதிவினை நிகழ்ந்து அலுமினியம் அரிக்கப்படும். எனவே இத்தகைய பொறிகளில் தடுப்பான் இல்லாத வெறும் நீரை ஊற்றுவது வார்ப்பிரும்புப் பொறிகளைவிட அதிகக் கேடு விளைவிக்கும். ரேடியேட்டரும் அலுமினியத்தால் மாற்றப்பட்டிருப்பின், பற்றாசு பற்றிய தடை நீங்கிவிடுவதால் கலப்பு வகைக்கு மாறுவது இயலக்கூடியதே. ஊர்தியின் வயதைவிட அதில் இப்போது பொருத்தப்பட்டுள்ள ரேடியேட்டரே முடிவைத் தீர்மானிக்கிறது.

வகைகள் கலந்தால் நிகழ்வன

இரு வகைகள் கலந்தவுடன் பொறி நின்றுவிடும் என்பது உண்மையன்று. பெரும்பாலான கலவைகளில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் உடனடியாக ஏற்படுவதில்லை. விளைவுகள் மெதுவாகவே தோன்றுகின்றன.

- ஆயுள் குறைதல்: நீண்ட ஆயுள் கொண்ட கூலன்ட்டுடன் கனிம உப்பு வகை கலந்தால் கலவையின் ஆயுள் குறைந்த ஆயுள் கொண்டதன் அளவுக்கு இறங்கிவிடும்.
- காப்புக் குறைதல்: இரு வகைத் தடுப்பான்களும் நீர்த்துப்போவதால் இரண்டில் எதுவும் தேவையான செறிவில் இருப்பதில்லை.
- கூழ் படிதல்: சிலிக்கேட் கரைசலில் நிலைத்திருக்கக் காரத்தன்மை தேவை. கனிம உப்பு வகைகளைவிடக் கரிம அமில வகைகளின் காரத்தன்மை பெரும்பாலும் குறைவு. இரண்டும் கலக்கும்போது காரத்தன்மை மாறுவதால் சிலிக்கேட் கூழாகப் பிரியக்கூடும். ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் ஜி11, ஜி12 ஆகிய கூலன்ட்டுகள் கலந்தால் பழுப்பு நிறச் சேறு உண்டாவது நன்கு அறியப்பட்டது. இதனாலேயே பழைய வகையுடன் கலக்கக்கூடிய ஜி12+ பின்னர் வெளியிடப்பட்டது.
- கல் படிதல்: பாஸ்பேட் உள்ள கூலன்ட்டை ஆழ்துளைக் கிணற்று நீரில் கலந்தால் வெப்பம் மிகுந்த பரப்புகளில் உப்புப் படியும். இப்படிவு வெப்பத்தைத் தடுத்து, அளவி காட்டும் வெப்பநிலை இயல்பாக இருக்கும்போதே சிலிண்டர் தலையின் சில இடங்களை அளவுக்கு மீறிச் சூடாக்கும்.

எல்லா ஊர்திகளுக்கும் ஏற்றது என விற்கப்படும் கூலன்ட்டுகளை அவசரத்திற்கு ஊற்றினால் பெரும்பாலும் கூழ் படிவதில்லை. எனினும் மேற்கூறிய ஆயுள் குறைவும் காப்புக் குறைவும் அவற்றுக்கும் பொருந்தும். வழியில் நீர்மட்டம் குறைந்துவிட்டால், அறியாத வகையைக் கலப்பதைவிடச் சிறிதளவு காய்ச்சி வடித்த நீரைச் சேர்ப்பதே பாதுகாப்பானது.

மாற்றலாமா என முடிவு செய்தல்

வகை மாற்றத்திற்கு முன் பின்வருவன அறியப்பட வேண்டும்.

1. பொறியின் கட்டையும் தலையும் எந்த உலோகத்தால் ஆனவை
2. ரேடியேட்டர் செப்பு-பித்தளையா, அலுமினியமா. வெப்பமூட்டி உள்ள ஊர்திகளில் அதன் உட்பகுதியும் பற்றாசு வைத்த செப்பாக இருக்கக்கூடும்
3. இப்போது உள்ளே இருப்பது எந்த வகை
4. தேவையான வகை உள்ளூரில் தொடர்ந்து கிடைக்குமா

பற்றாசு வைத்த ரேடியேட்டர் உள்ள ஊர்தியில் கனிம உப்பு வகை நன்கு இயங்கிக் கொண்டிருந்தால், நீண்ட ஆயுள் என்ற ஒரே காரணத்திற்காகக் கரிம அமில வகைக்கு மாறுவதில் பயனில்லை. ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடும் ஊர்திக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூலன்ட் மாற்றும் செலவு, ஒரு ரேடியேட்டரைப் பிரித்துப் பற்றாசு வைக்கும் செலவைவிடக் குறைவானது. மாறாக, கனிம உப்பு வகை கிடைக்காத இடத்தில், செப்பும் பற்றாசும் காக்கப்படும் என்று கொள்கலனில் தெளிவாகக் குறிப்பிடப்பட்ட கலப்பு வகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

மாற்றும் முறை

பொறி முழுவதும் ஆறிய பின்னரே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூடான அமைப்பில் நீர்மம் 100 °செ வெப்பநிலைக்கு மேல் அழுத்தத்தில் இருப்பதால், மூடியைத் திறந்தவுடன் பீறிட்டுக் கடுமையான தீக்காயங்களை உண்டாக்கும்.

அடுத்து ரேடியேட்டரின் அடித்திருகும், சிலிண்டர் கட்டையில் வடிகால் திருகு இருப்பின் அதுவும் திறக்கப்பட வேண்டும். வெப்பமூட்டி உள்ள ஊர்திகளில் அதன் கட்டுப்பாடு முழுச் சூட்டில் வைக்கப்பட வேண்டும். ரேடியேட்டரை மட்டும் வடிப்பதால் பழைய நீர்மம் முழுவதும் நீங்காது. எடுத்துக்காட்டாக, 10 லிட்டர் கொள்ளளவுள்ள ஓர் அமைப்பில் ஒருமுறை வடிக்கும்போது 6 லிட்டர் மட்டுமே வெளியேறுவதாகக் கொள்ளலாம். வடித்துவிட்டு நீர் நிரப்பி, பொறியை ஓட்டி, மீண்டும் வடிக்கும்போது எஞ்சும் பழைய கூலன்ட்டின் அளவு பின்வருமாறு அமையும்.

- முதல் வடிப்புக்குப் பின்: 40 விழுக்காடு
- இரண்டாம் வடிப்புக்குப் பின்: 16 விழுக்காடு
- மூன்றாம் வடிப்புக்குப் பின்: 6.4 விழுக்காடு
- நான்காம் வடிப்புக்குப் பின்: 2.6 விழுக்காடு

ஒருமுறை வடித்துப் புதிய வகையை ஊற்றினால் பத்தில் நான்கு பங்கு பழைய வகையே இருக்கும் என்பதை இது காட்டுகிறது. இத்தகைய பாதி மாற்றம், மாற்றாமல் விடுவதைவிடக் கேடானது. எனவே குறைந்தது மூன்று அல்லது நான்கு முறை நீரால் கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை பொறி ஓட வேண்டும். இல்லையேல் கட்டையினுள் உள்ள நீர்மம் ரேடியேட்டருக்கு வந்து சேராது. முதல் கழுவல்களுக்குக் குழாய் நீர் போதுமானது. இறுதிக் கழுவலுக்குக் காய்ச்சி வடித்த நீர் தேவை. மின்கலக் கடைகளில் டிஸ்டில்டு வாட்டர் என்ற பெயரில் விற்கப்படுவது இதுவே.

நிரப்பும்போதும் ஒரு கணக்கு உண்டு. நான்காம் வடிப்புக்குப் பின்னும் அமைப்பில் 4 லிட்டர் நீர் தங்கியிருக்கும். அப்போது கலந்தே விற்கப்படும் 50 விழுக்காட்டுக் கூலன்ட்டை 6 லிட்டர் ஊற்றினால், அதில் உள்ள கிளைக்கால் 3 லிட்டர் மட்டுமே. முழு அமைப்பிலும் செறிவு 30 விழுக்காடாகக் குறைந்துவிடும். ஆகவே செறிவான கூலன்ட் 5 லிட்டரை முதலில் ஊற்றி, எஞ்சிய 1 லிட்டருக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீரைச் சேர்க்க வேண்டும். சில நாட்கள் ஓட்டிய பின் ஒளிவிலகல்மானி அல்லது அடர்த்திமானி கொண்டு செறிவைச் சரிபார்க்கலாம்.

நிரப்பிய பின் அமைப்பில் காற்றுக்குமிழ்கள் தங்காமல் பார்த்துக் கொள்ள வேண்டும். தெர்மோஸ்டாட், ரப்பர் குழாய்கள், அழுத்த மூடி ஆகியவற்றைப் புதுப்பிக்க இதுவே ஏற்ற நேரம். அடுத்த முறை திறப்பவர் அறியும்படி, எந்த வகை எந்த நாளில் நிரப்பப்பட்டது என்று எழுதிய ஒரு சீட்டை ரேடியேட்டர் அருகே ஒட்டி வைப்பது நல்ல பழக்கமாகும்.

வெறும் நீரிலிருந்து மாறுதல்

இந்தியாவில் பல பழைய ஊர்திகள் ஆண்டுக்கணக்கில் வெறும் நீரிலேயே ஓடியுள்ளன. இவற்றில் கூலன்ட் ஊற்றியவுடன் கசிவு தொடங்குவதைக் கண்டு, கூலன்ட்டே ரேடியேட்டரை ஓட்டையாக்கியது எனக் கருதுவோர் உள்ளனர். பெரும்பாலும் ஓட்டை முன்னரே இருந்திருக்கும். துருவும் உப்புப் படிவும் அதை அடைத்திருக்கும். கழுவும்போது அந்த அடைப்பு நீங்குகிறது. மேலும் கிளைக்கால் கலவை, நீர் கசியாத மெல்லிய இடுக்குகள் வழியாகவும் கசியக்கூடியது.

எனவே இத்தகைய ஊர்திகளில் ரேடியேட்டரைக் கழற்றி, பணிமனையில் அழுத்தச் சோதனை செய்து, தேவையெனில் பற்றாசு வைத்த பின்னரே கூலன்ட் நிரப்ப வேண்டும். வலிமையான அமிலம் கொண்டு துருவை நீக்குவது அலுமினியத் தலைகளுக்கு ஏற்றதன்று. பணி முடிந்த சில வாரங்களுக்கு நீர்மட்டத்தை நாள்தோறும் பார்ப்பது தேவை. கழுவியும் நீங்காத துருத் துகள்கள் பின்னர் பிரிந்து வந்து ரேடியேட்டரை அடைக்கக்கூடும் என்பதால், நிறம் பழுப்பாக மாறினால் மீண்டும் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

கனரக டீசல் பொறிகள்

பழைய சரக்குந்துகள், பேருந்துகள், இழுவை உந்துகள் பலவற்றில் சிலிண்டர் உறைகள் நேரடியாகக் கூலன்ட்டில் நனைந்திருக்கும். எரிதலின் அதிர்வால் உறையின் வெளிப்பக்கத்தில் நுண்குமிழ்கள் தோன்றி உடைகின்றன. ஒவ்வொரு உடைதலும் உலோகத்தைச் சிறிது சிறிதாகக் குடைந்து, இறுதியில் உறையில் துளையிட்டுவிடும். நைட்ரைட் சேர்ந்த கூலன்ட்டுகள் உறையின் மேல் படலம் உருவாக்கி இதைத் தடுக்கின்றன. ஆகவே இவ்வகைப் பொறிகளில் நைட்ரைட் உள்ள கூலன்ட்டை நீக்கிவிட்டுத் தானுந்துகளுக்கான சாதாரணக் கூலன்ட்டை நிரப்பக் கூடாது.

நீரில்லாக் கூலன்ட்

கிளைக்கால்களை மட்டும் கொண்டு, நீரே இல்லாத கூலன்ட்டுகளும் விற்கப்படுகின்றன. இவை ஏறத்தாழ 180 °செ வரை கொதிப்பதில்லை. நீர் இல்லாததால் அரிமானமும் மிகக் குறைவு. அழுத்தம் உயராது என்பதால் பழைய ரேடியேட்டர்களுக்கு இவை நன்மை தருவதாகக் கூறப்படுகிறது. ஆனால் இவற்றின் வெப்பம் கடத்தும் திறன் நீர்க்கலவையைவிடக் குறைவு. விலையும் அதிகம். மாற்றும்போது அமைப்பில் உள்ள நீரை ஏறத்தாழ முழுவதும் நீக்க வேண்டும். வழியில் கசிவு ஏற்பட்டு நீரைச் சேர்த்தால் பயன் அற்றுப்போகும்.

நச்சுத்தன்மையும் அப்புறப்படுத்தலும்

எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உடையது. கடும் நச்சுத்தன்மை கொண்டது. உடலில் இது ஆக்சாலிக் அமிலம் முதலியவையாக மாறிச் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்கிறது. வயது வந்த ஒருவருக்கு ஏறத்தாழ 100 மில்லிலிட்டரே உயிரிழப்பை ஏற்படுத்தக்கூடும். பூனை, சிறிய நாய் ஆகியவற்றுக்கு இதைவிடக் குறைந்த அளவே போதும். இதைக் குடித்தவர்களை அறிகுறிகள் தோன்றும்வரை காத்திராமல் உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஃபோமெபிசோல் இதற்கான முறிமருந்தாகும். புரோப்பிலீன் கிளைக்கால் இதைவிட நச்சுத்தன்மை மிகவும் குறைந்தது.

வடிக்கப்பட்ட பழைய கூலன்ட்டில் கிளைக்காலுடன் ரேடியேட்டரிலிருந்து கரைந்த ஈயமும் இருக்கக்கூடும். எனவே அதைத் தெருவிலோ சாக்கடையிலோ கிணற்றுக்கு அருகிலோ ஊற்றக் கூடாது. திறந்த பாத்திரத்தில் விட்டுவைப்பதும் ஆபத்தானது. மூடியுள்ள, பெயர் எழுதப்பட்ட கலனில் சேகரித்து, பழைய எண்ணெயைப் போன்றே கழிவு சேகரிக்கும் பணிமனையிடம் ஒப்படைக்க வேண்டும். குளிர்பானப் புட்டிகளில் இதைச் சேமிக்கவே கூடாது.

இவற்றையும் பார்க்க

- அரிமானம்
- உள் எரி பொறி
- எத்திலீன் கிளைக்கால்
- கடின நீர்
- பற்றாசு
- ரேடியேட்டர்